புகையிலையைத் தூது அனுப்பிய புலவர்

தென்காசியில் மூன்று நாளாகச் சாரல். மாடியில் காயப்போட்ட துணி கூட உலரவில்லை. வெளியே போக வழியில்லாததால் இந்தப் பதிவு வழக்கத்தை விட நீளம். ஒரு டம்ளர் காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒருத்தி கோயம்புத்தூரில் இருந்து போன் பண்ணினாள். அவள் மகள் ஒன்பதாம் வகுப்பு. கதை எழுத வேண்டும் என்று ஆசை. கோடை விடுமுறையில் ஏதோ எழுத்துப் பயிற்சியில் சேர்த்துவிட்டிருக்கிறாள். முதல் நாளே, "இதுவரை படித்த விதிகளை எல்லாம் மறந்துவிடுங்கள், மனதில் வருவதை எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டார்களாம். பிள்ளை வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறது. "டீச்சர், இவளுக்குக் கற்பனை இல்லையோ?" என்று கேட்கிறாள் அம்மா.

கற்பனை எல்லாம் நிறைய இருக்கும், பயப்படாதே என்று போனில் சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு பெரிய வரலாறே இருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன். நான் புலவர் பட்டம் வாங்கியவள் இல்லை, ஆசிரியப் பயிற்சிப் பட்டயம் மட்டும்தான். ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்ததுதான் அதிகம். தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் தவறு கண்டால் திருத்துங்கள், கோபப்பட மாட்டேன்.

நம் ஊருக்குப் பக்கத்தில் இருந்தே தொடங்குகிறேன். மேலகரம் உங்கள் எல்லோருக்கும் தெரியும், தென்காசியில் இருந்து குற்றாலம் போகிற வழி. அந்த ஊர்க்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் பாடியதுதான் திருக்குற்றாலக் குறவஞ்சி. மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் அதைக் கேட்டு மகிழ்ந்து நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். குரங்குகள் பழம் கொடுத்துக் கொஞ்சும் அந்த மலை வருணனைப் பாட்டை ஒப்பிக்காமல் என் வகுப்பைத் தாண்டியவர் யாரும் இல்லை. ஆனால் ஒன்றை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. இந்தக் கதையில் கவிராயர் சொந்தமாக உண்டாக்கிய சம்பவம் என்று பார்த்தால் மிகக் கொஞ்சம்.

குறவஞ்சி என்றால் இன்னின்னது வர வேண்டும் என்று ஒரு வரிசை உண்டு. தலைவன் பவனி வருவான். தலைவி பந்தாடுவாள், அவனைப் பார்ப்பாள், மயங்குவாள், நிலவைத் திட்டுவாள், தோழியைத் தூது விடுவாள். குறத்தி வந்து தன் மலையின் பெருமை பேசிக் கைரேகை பார்ப்பாள், பரிசு வாங்கிப் போவாள். அவளைத் தேடிக் குறவன் வருவான், நடுவில் பறவை பிடிப்பான், கடைசியில் கண்டுபிடிப்பான். யார் எழுதினாலும் இந்தத் தடம்தான். கேட்க வந்த ஊர்ச் சனத்துக்கும் அடுத்து என்ன என்பது தெரியும்.

அப்படியானால் கவிராயரின் திறமை எங்கே? சிங்கன் சிங்கியைக் கண்டுபிடிக்கும் இடத்தைப் பாருங்கள். அவள் குறி சொல்லி ஊர் ஊராக நகை வாங்கிப் போட்டிருக்கிறாள். அவனோ வாழ்நாளில் நகையே பார்த்தறியாதவன். காலில் கிடக்கும் சிலம்பைப் பார்த்துவிட்டு விரியன் பாம்பு சுற்றிக்கொண்டதாகப் பதறுகிறான். சந்தேகம், பயம், ஆசை, வறுமை எல்லாம் அந்தக் கேள்வி பதிலில் வந்துவிடுகிறது. குறவன் குறத்தியைச் சந்திக்க வேண்டும் என்பது விதி. சந்திக்கும்போது என்ன கேட்பான் என்பது கவிராயருடையது. அடுத்து என்ன என்ற கவலையை வடிவம் ஏற்றுக்கொண்டதால், அவர் மனசு முழுவதும் எப்படி என்பதில் நின்றது.

இதே குறவஞ்சித் தடத்தை நூறு வருடத்துக்குள் தஞ்சாவூரில் வேறொருவர் எடுத்தார். வேதநாயக சாஸ்திரியார், திருநெல்வேலியில் பிறந்தவர். அவர் எழுதியது பெத்லகேம் குறவஞ்சி. அங்கே பவனி வருபவர் இயேசு. அதே பவனி, அதே குறி, அதே பறவை பிடித்தல், உள்ளே வேறு சமயம். குற்றாலநாதருக்குப் பாடியவர்களும் இயேசுவுக்குப் பாடியவரும் ஒரே வாய்ப்பாட்டை எழுதினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இப்படிப்பட்ட வகைகளை மொத்தமாகப் பிரபந்தம் என்றார்கள், பாடப்புத்தகம் சிற்றிலக்கியம் என்கிறது. 96 வகை என்று ஒரு கணக்கு. வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதியில் அந்தப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் இலக்கணம் சொல்லும் நூல்களுக்குப் பாட்டியல் என்று பெயர்: பன்னிரு பாட்டியல், வெண்பாப் பாட்டியல், நவநீதப் பாட்டியல், சிதம்பரப் பாட்டியல் என்று பல.

இந்தப் பாட்டியல்களில் எனக்குக் கோபம் வரும் இடமும் உண்டு, மறைக்க மாட்டேன். கலம்பகம் பாடினால் தேவருக்கு 100 பாட்டு, அந்தணருக்கு 95, அரசருக்கு 90, அமைச்சருக்கு 70, வணிகருக்கு 50, வேளாளருக்கு 30 என்று அளந்து வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருப்பவனுக்குப் பாட்டே கிடையாது. எழுத்துக்கு உதவும் விதி வேறு, ஆளைத் தரம் பிரிக்கும் விதி வேறு. இரண்டும் ஒரே புத்தகத்தில் கலந்து கிடக்கின்றன, பிரித்து எடுத்துக்கொள்வது நம் வேலை.

பிள்ளைத்தமிழுக்கு வருவோம். அதற்குப் பத்துப் பருவம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று ஏழு பொது. பிறகு ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். இன்று நமக்குக் கிடைப்பதில் பழையது ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டில் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். 17ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் மதுரை மீனாட்சியைக் குழந்தையாக்கிப் பாடினார். நபிகள் நாயகத்தைக் குழந்தையாக்கி இசுலாமியப் புலவர்கள் பாடினார்கள், காந்தியடிகளைக் கூடத் தொட்டிலில் போட்டிருக்கிறார்கள்.

இந்தப் பத்தில் கடினமானது அம்புலிப் பருவம். பிள்ளைத்தமிழுக்கு அம்புலி புலி என்று புலவர்கள் சொல்வது வழக்கம். நிலாவைக் குழந்தையோடு விளையாடக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நான்கு உபாயத்தால் கூப்பிட வேண்டும். நீயும் இந்தப் பிள்ளையும் ஒரே மாதிரி என்று நட்பாகச் சொல்வது சாமம். ஆனாலும் நீ இவளுக்கு ஈடாக மாட்டாய் என்று வேற்றுமை சொல்வது பேதம். வந்தால் இன்னது கிடைக்கும் என்பது தானம். வராவிட்டால் நடப்பதே வேறு என்பது தண்டம். யோசித்துப் பாருங்கள், வீட்டில் பிள்ளையைச் சாப்பிட வைக்கும் அம்மா தினமும் செய்வது இந்த நான்கும்தானே!

இதை ஒரு முறை ஆறாம் வகுப்பில் பயிற்சியாகக் கொடுத்தேன். நிலாவுக்குப் பதிலாக நம் ஊருக்குக் காலையில் வரும் ஒரே பஸ். அதை நான்கு வழியிலும் கூப்பிட வேண்டும். அன்றைக்கு வகுப்பில் இருந்தவர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள், ஞாபகம் இருக்கும். ஒருத்தி, "நீயும் லேட், நானும் லேட், நாம் ரெண்டு பேரும் சிநேகிதர்கள்" என்று எழுதினாள். ஒரு பையன், "வராவிட்டால் எங்க தாத்தா மாட்டு வண்டியைப் பூட்டிருவாரு, அப்புறம் உன் டிக்கெட்டை யார் வாங்குவா?" என்று மிரட்டினான். அதுவரை 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னால் நோட்ஸில் இருப்பதையே எழுதும் பிள்ளைகள்தான் இவர்கள். விருப்பம்போல் எழுது என்று நான் சொன்ன நாளெல்லாம் ஒரே மாதிரி எழுதினார்கள். நான்கு கட்டம் போட்டுக் கொடுத்த அன்று முப்பது பேரும் முப்பது விதமாக எழுதினார்கள்.

வடிவம் தெரிந்துவிட்டால் போதுமா என்றால் போதாது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஊருக்கு ஓர் உலா, கோயிலுக்கு ஓர் அந்தாதி, ஜமீனுக்கு ஒரு காதல் என்று எழுதிக் குவித்தார்கள். பெரும்பாலானவற்றை இன்று யாரும் தொடுவதில்லை. நானும் நூலகத்தில் நான்கைந்தைப் புரட்டிப் பார்த்தேன். ஊர்ப் பெயரை மாற்றினால் எல்லாம் ஒன்றுதான். படியளக்கும் ஜமீன்தாருக்கு நேரமாகிறதே என்று பத்துப் பருவத்தையும் ஒரே மூச்சில் நிரப்பினால் அப்படித்தான் ஆகும்.

இந்தப் பள்ளத்தில் இருந்து வெளியே வந்தவர்கள் யார் என்று பார்ப்பதுதான் சுவாரசியம். அதற்குத் தூது இலக்கியத்தைப் போலச் சரியான உதாரணம் கிடையாது.

தலைவனிடம் தலைவி தூது அனுப்புவாள். யாரை அனுப்பலாம் என்று இலக்கணத்தில் பட்டியல் இருக்கிறது: அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. பூவை என்றால் நாகணவாய்ப் பறவை, மைனா. ஆகப் பத்து. ஆனால் புலவர்கள் பத்தோடு நின்றார்களா? ஒருவர் பணத்தை அனுப்பினார். ஒருவர் நெல்லை. ஒருவர் மானை. ஒருவர் துணியை. மதுரைச் சொக்கநாதருக்குத் தூது விட நினைத்த ஒரு புலவர், அவர் பெயர் கூட நமக்குக் கிடைக்கவில்லை, தமிழ் மொழியையே அனுப்பிவிட்டார். அதுதான் தமிழ்விடு தூது. தூது போகிறவரின் பெருமையை முதலில் பாட வேண்டும் என்பது வகையின் விதி. போவது தமிழ் என்பதால் அந்த விதியே தமிழின் எழுத்து, இலக்கணம், நூல்கள் எல்லாவற்றையும் புகழும் வாய்ப்பாக மாறிவிட்டது.

இவர்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டவர் சீனிச் சர்க்கரைப் புலவர். பெயரே இப்படி, அனுப்பியதோ புகையிலையை! யாருக்கு? பழனி முருகனுக்கு. உ.வே.சா. இந்த நூலைப் பதிப்பித்திருக்கிறார். புகையிலைக்குப் பெருமை பாட வேண்டுமே, அதற்கு ஒரு புராணமே கட்டுகிறார். மும்மூர்த்திகளுக்குத் தேவர்கள் ஆளுக்கொரு இலை கொடுத்து, பிறகு கொண்டுவரச் சொன்னார்களாம். சிவன் கையில் வில்வம், அதைக் கங்கை அடித்துக்கொண்டு போனது. திருமால் கையில் துளசி, அதைப் பாற்கடல் கொண்டு போனது. பிரமன் தன் இலையைச் சரஸ்வதியின் நாக்கில் பத்திரப்படுத்தியிருந்தார். சபையில் கேட்டபோது மற்ற இருவர் இலையும் போயின, பிரமன் இலை மட்டும் போகவில்லை, போகையிலை. அதுவே புகையிலை ஆயிற்றாம்! (பிள்ளைகளா, பாட்டு வேறு, பழக்கம் வேறு. புகையிலையை நான் சிபாரிசு செய்வதாக யாரும் கிளப்பிவிடாதீர்கள்.)

தூது என்ற வகை ஊருக்கே தெரியாமல் இருந்திருந்தால் இதில் சிரிப்பே வராது. அன்னமும் கிளியும் போய்ப் போய்ப் பழகிய வழியில் திடீரென்று புகையிலைக் கட்டு நடந்து போவதால்தான் சிரிக்கிறோம். மீறல் தெரிய வேண்டுமானால் கோடு தெரிய வேண்டும். சிரிப்புக்கு மட்டும்தான் இது என்று நினைக்காதீர்கள். 1930களின் இறுதியில் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, வெள்ளைவாரணனார் அவருக்கு ஒரு காக்கையைத் தூது விட்டார். காக்கைவிடு தூது. காதலிக்குப் பதில் ஒரு தமிழாசிரியர், காதலனுக்குப் பதில் முதலமைச்சர், அன்னத்துக்குப் பதில் காக்கை. படித்தவர்களுக்கு அது உடனே புரிந்திருக்கும்.

பாரதி இந்தக் கலையில் கைதேர்ந்தவர். எட்டயபுரத்தில் பிறந்து பழைய வகைகள் எல்லாவற்றையும் காதால் கேட்டு வளர்ந்தவர். கடவுளைத் துயிலெழுப்பும் திருப்பள்ளியெழுச்சியை எடுத்துப் பாரதமாதாவை எழுப்பினார். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாகப் பாடிய வழியில் போய், கண்ணனைச் சேவகனாகவும் சீடனாகவும் கூடப் பாடினார். நொண்டி நாடகம் என்று ஒரு வகை இருந்தது. திருடிப் பிடிபட்டுக் காலை இழந்தவன் மேடையில் வந்து தன் கதையைச் சொல்லித் திருந்துவான். அவன் பாடும் மெட்டு நொண்டிச்சிந்து. 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் வந்தபோது, அதில் பெரும் பகுதிக்குப் பாரதி எடுத்துக்கொண்டது அந்த மெட்டைத்தான். காப்பியத்துக்கென்று பெரிய விருத்தங்கள் இருக்க, தெருவில் திருடன் பாடிய மெட்டில் பாஞ்சாலியின் கதை!

பள்ளு இன்னும் முக்கியம். சீவலப்பேரிப் பக்கம் ஆறுகள் கூடும் இடத்தைப் பாடிய முக்கூடற்பள்ளு நமக்குப் பாடமாக இருந்தது. நெல் வகை, மாட்டு வகை, மீன் வகை என்று அந்தப் பட்டியல்கள் அருமை. மூத்த மனைவியும் இளையவளும் போடும் சண்டை அதைவிட அருமை. பண்ணைக்காரனையும் நன்றாகக் கேலி செய்கிறது. ஆனால் அந்தப் பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டுகிறான், பாட்டு அதைத் தட்டிக் கேட்காமல் மேலே போகிறது. பாரதி அதே பெயரை எடுத்துச் சுதந்திரப் பள்ளு எழுதினார். அதில் தொழுமரம் இல்லை. உழைப்பவர்கள் விடுதலை வந்துவிட்டது என்று ஆடுகிறார்கள். 1947க்கு 26 வருடம் முன்பே இறந்துபோனவர், வந்துவிட்டது என்று பாடினார். பள்ளு என்ற சொல்லைக் கேட்டதும் வயலும் பண்ணையும் கண்ணில் வந்து நின்றவர்களுக்குத்தான் அதன் வீரியம் முழுசாகத் தெரிந்திருக்கும்.

உரைநடைக் கதைக்கும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாவல் தமிழுக்கு வந்தபோது அதற்குப் பெயரே கிடையாது. 1879இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை பிரதாப முதலியார் சரித்திரம் என்றார். வத்தலக்குண்டு ராஜமையர் 1893இல் விவேக சிந்தாமணி பத்திரிகையில் கமலாம்பாள் சரித்திரத்தைத் தொடங்கியபோது வயது 21. பிறகு மாதவையாவின் பத்மாவதி சரித்திரம். புதுப் பண்டத்துக்குப் பழைய பாத்திரத்தின் பெயர்.

புதிது வந்தால் பழைய இலக்கணம் என்ன சொல்லும் என்று கேட்பீர்கள். தொல்காப்பியர் செய்யுளுக்கு எட்டு வனப்பு சொல்கிறார். அதில் தொன்மை ஒன்று, பழங்கதையைச் சொல்வது. இன்னொன்றுக்கு அவர் வைத்த பெயர் விருந்து. புதிதாகப் புனைவது. பழந்தமிழில் விருந்து என்றாலே புதுமை; வீட்டுக்குப் புதிதாக வருகிறவர் என்பதால்தான் விருந்தினர். இலக்கணம் எழுதியவரே புதியவர் வந்தால் உட்காரத் திண்ணை கட்டி வைத்திருக்கிறார். இதை நான் படித்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முன்பே படித்திருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஏழாம் வகுப்பு. விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொன்னேன். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, இப்படிக்கு, எல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஆளாளுக்குக் காய்ச்சல், தலைவலி, அக்கா கல்யாணம் என்று எழுதினார்கள். ஒரு பையன் நோட்டில் மட்டும் பெறுநர் என்ற இடத்தில், 'வெள்ளாடுகள், எங்கள் வீட்டுத் தொழு' என்று இருந்தது. பொருள், ஐந்து நாள் விடுப்பு. அடுத்த வாரம் பரீட்சை என்பதால் தங்களை மேய்க்க வர இயலாது, அன்புகூர்ந்து அனுமதிக்க வேண்டும் என்று எழுதி, கீழ்ப்படிதலுள்ள மேய்ப்பன் என்று கையெழுத்துப் போட்டிருந்தான். தேதி, இடம், இடது பக்க ஓரம், எல்லாம் அச்சுப் போலச் சரியாக இருந்தன.

நான் பத்துக்குப் பூஜ்யம் போட்டேன். சிவப்பு மையில், 'பெறுநர் தவறு' என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். சத்தமாகப் படித்தும் காட்டினேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வராததற்கு என்னிடம் பிரம்படி வாங்கிக்கொண்டிருந்தவன். எதனால் வரவில்லை என்பதை அந்தத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறான், நான் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். பரீட்சை வாரத்தில் மூன்று நாள்தான் வந்தான். எட்டாம் வகுப்பில் அவன் பெயர் இல்லை.

தென்காசி நூலகத்தில் உட்கார்ந்து புகையிலைவிடு தூதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த நோட்டு ஞாபகம் வந்தது. புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வடிவத்தில் ஒரு எழுத்தைக் கூட மாற்றாமல் பெறுநரை மட்டும் மாற்றினான். புலவர் செய்தால் உ.வே.சா. பதிப்பிக்கிறார், பன்னிரண்டு வயதுப் பையன் செய்தால் பூஜ்யம். அந்த வகுப்பில் இருந்த உங்களில் நாலைந்து பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். அவன் யார் என்று உங்களுக்குத் தெரியும், பெயரை இங்கே எழுத வேண்டாம். எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். பத்துக்குப் பத்து போட வேண்டியிருக்கிறது.

நிற்க. கோயம்புத்தூர்ப் பேத்திக்கு வருகிறேன். கண்ணு, நீ வெள்ளைத் தாளைப் பார்த்து அழ வேண்டாம். ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுதி எனக்கு அனுப்பு. அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி, இடம், கையெழுத்து எல்லாம் முறையாக இருக்க வேண்டும், அதில் நான் கண்டிப்பு, உன் அம்மாவைக் கேட்டுப் பார். யாரிடம் விடுப்பு கேட்கிறாய், எதில் இருந்து கேட்கிறாய் என்பது மட்டும் உன் இஷ்டம்.

மற்றவர்களும் எழுதலாம். பென்ஷன் வாங்குகிறவர்களும்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் கீழே போடுங்கள்.